கனத்த பெட்டிகளோடு டோக்கியோவில்: விமான நிலையத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து திரும்பவும்

டோக்கியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ரயிலைப் பார்க்கிறார்கள், பிறகு ஹோட்டலை, கடைசியில்தான் பெட்டியை நினைக்கிறார்கள். 20 கிலோவுக்கு மேல் கையில் சுமை இருந்தால் இந்த வரிசை சரிப்படாது. இங்கே ரயிலில் ஏறுவது சுலபம். பிளாட்பாரத்திலிருந்து தெருவுக்கு வந்து சேர்வதில்தான் முதுகு போய்விடும். அதனால் முதலில் பெட்டி, அடுத்து லிஃப்ட், அதற்கப்புறம் ரயில் என்று யோசியுங்கள்.

முதல் மூன்று படிகளையும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மற்றவை டோக்கியோவில் இறங்கிய பிறகு.

1. பெட்டியை அளந்து, எடை போட்டு எழுதி வையுங்கள்

நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து அளந்து கூட்டுங்கள். ஜப்பானில் கூரியர் (பெட்டியை ஹோட்டலுக்கு அனுப்பும் சேவை, படி 3) கட்டணமும் ஷின்கான்சென் (அதிவேக ரயில்) விதியும் இந்தக் கூட்டுத்தொகையை வைத்தே நடக்கின்றன. விமான நிறுவனங்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் 158 செ.மீ. வரம்புக்குள் பெட்டி இருந்தால் ஜப்பானில் ‘160’ என்ற வகைக்குள் அடங்கிவிடும். இரண்டே சென்டிமீட்டர்தான் இடைவெளி. சக்கரத்தை விட்டுவிட்டு அளந்தால் கணக்கு அங்கேதான் தப்பும்.

அடுத்தது எடை. யமாட்டோ கூரியரில் 160 அளவுப் பெட்டி 25 கிலோ வரை இருக்கலாம். அதைத் தாண்டினால், அளவு சிறியதாக இருந்தாலும், அடுத்த வகைக் கட்டணம் விழும். 30 கிலோவுக்கு மேல் போனால் வாங்கவே மாட்டார்கள். 32 கிலோ அனுமதி உள்ள டிக்கெட்டில் ஒரே பெட்டியில் 31 கிலோ அடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கவுண்டரில் இதுதான் நேரும்: அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்து சாமான்களைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

தடிமனைத் தனியாகக் கவனியுங்கள். நிலைய லாக்கர்களின் உள்அகலம் சுமார் 35 செ.மீ. பெட்டியை விரிக்கும் ஜிப்பைத் திறந்துவிட்டால் 31 செ.மீ. இருந்தது சுலபமாக 36 ஆகிவிடும். உயரத்துக்கு லாக்கரில் நிறைய இடம் இருந்தும் பெட்டி உள்ளே நுழையாது. அந்த ஜிப்பை மூடியே வைத்து அடுக்குங்கள்.

எத்தனை பெட்டி? ஒருவருக்கு ஒரு பெரிய பெட்டி, முதுகில் ஒரு பை. இதற்கு மேல் வேண்டாம். கேட்டில் ரயில் கார்டைத் தட்டவும், லிஃப்ட் பொத்தானை அழுத்தவும், பிடித்து நிற்கவும் ஒரு கை எப்போதும் தேவை. இரண்டு பெரிய பெட்டிகளை இரண்டு கையிலும் இழுக்கிறவருக்கு அந்த மூன்றாவது கை இருக்காது.

2. ஹோட்டலை லிஃப்ட் வாசலை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

‘நிலையத்திலிருந்து 2 நிமிட நடை’ என்று ஹோட்டல்காரர்கள் போடுவது மிக அருகில் உள்ள வாசலிலிருந்து கணக்கிட்டது. அந்த வாசலில் வெறும் படிக்கட்டு மட்டும் இருக்கலாம். டோக்கியோ சுரங்க ரயில் நிலையங்களில் பல வாசல்கள் உண்டு. ஏ1, பி3 என்று எழுத்தும் எண்ணும் போட்டிருப்பார்கள். ஆனால் தெரு மட்டம் வரை லிஃப்ட் வருவது அநேகமாக அவற்றில் ஒன்றிரண்டில்தான். அது அகலமான சாலையின் மறுபக்கத்திலும் இருக்கலாம்.

அதனால் முன்பதிவு செய்வதற்கு முன் இப்படிப் பாருங்கள். ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்வரைபடம் இருக்கும். சதுரத்துக்குள் மூன்று மனித உருவங்களும் மேலும் கீழும் அம்புகளும் உள்ள குறிதான் லிஃப்ட். அது எந்த வாசலில் தெருவைத் தொடுகிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு வரைபடச் செயலியில் நிலையத்தின் பெயரைப் போடாமல் அந்த வாசலிலிருந்து ஹோட்டலுக்கு நடைதூரம் பாருங்கள். 2 நிமிடம் 9 நிமிடமாக மாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். கூகுள் மேப்ஸில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழி என்று தேர்ந்தெடுத்தால் படிக்கட்டு இல்லாத பாதைகளுக்கு முன்னுரிமை தரும். சக்கரப் பெட்டிக்கும் அதுவே பொருந்தும்.

நிலையம் எவ்வளவு ஆழம் என்பதையும் பாருங்கள். ஓஎடோ சுரங்க ரயில் பாதை மற்றப் பாதைகள் பலவற்றுக்கு அடியில் போவது. ரொப்போங்கி நிலையத்தில் அதன் பிளாட்பாரம் தரைக்குக் கீழே சுமார் 42 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே லிஃப்டைத் தவறவிட்டுப் படிக்கட்டில் ஏறலாம் என்று நினைக்கவே கூடாது. பெட்டியோடு வருகிறவர்களுக்கு, தரைக்கு மேலே நகரைச் சுற்றி ஓடும் யமனோதே ரயில் பாதையை ஒட்டிய ஹோட்டல்கள் வசதி.

அறையின் அளவு இன்னொன்று. டோக்கியோவின் சாதாரண பிசினஸ் ஹோட்டல் அறை 12 முதல் 15 சதுர மீட்டர். ஒரு பெரிய பெட்டியைத் தரையில் விரித்தால் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கால்வைக்க இடம் இருக்காது. கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்க இடம் உண்டா என்று படங்களில் பாருங்கள். முதல் இரவுக்கு வேண்டியதை மேலாக வைத்து அடுக்கினால் பெட்டியை முழுவதும் விரிக்கும் அவசியமே வராது.

3. பெட்டியோடு போவதா, பெட்டியை அனுப்புவதா?

ஜப்பானில் பெட்டியை வீட்டுக்கு வீடு அனுப்பும் யமாட்டோவின் கூரியர் சேவைக்குத் தக்யூபின் என்று பெயர். விமான நிலையத்தில் ஒப்படைத்தால் ஹோட்டல் வரவேற்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நம்பகமான சேவை, உள்ளூர்க்காரர்களே அன்றாடம் பயன்படுத்துவது. டோக்கியோவுக்குள் ஒரு பெரிய பெட்டிக்குச் சுமாராக 2,000 முதல் 4,000 யென்னுக்குள் முடியும்.

ஆனால் பெட்டி பெரும்பாலும் மறுநாள்தான் வந்து சேரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்படைத்துவிட்டு, இரவு ஹோட்டலில் மாற்றுத் துணி இல்லாமல் நிற்கிறவர்கள் நிறையப் பேர். அன்றே சேர்க்கும் சேவைகளும் உண்டு. அவற்றுக்குக் காலையிலேயே ஒப்படைக்க வேண்டும், போகும் இடங்களும் குறைவு.

இப்படி முடிவெடுங்கள். இரண்டு முறைக்கு மேல் ரயில் மாற வேண்டும், அல்லது காலை 7:30 முதல் 9:30-க்குள் நகருக்குள் நுழைய நேரும், அல்லது குழந்தையோ வயதானவரோ கூட வருகிறார் என்றால் அனுப்பிவிடுங்கள். மாறாமல் ஒரே வண்டியில் போக முடிகிறது, இறங்கும் இடத்தில் லிஃப்ட் இருக்கிறது என்றால் கூடவே கொண்டுபோகலாம்.

வரவேற்பு மேசை இல்லாத வாடகை அடுக்ககத்தில் தங்குகிறீர்களா? அங்கே நேராக அனுப்பாதீர்கள். ஆள் இல்லாதபோது வந்தால் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள். மறுபடி வரச்சொல்ல நீங்கள் தொலைபேசியில் ஜப்பானிய மொழியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, நீங்கள் அறையில் இருக்கும் நேரத்தைக் குறித்து அனுப்பினால் மட்டுமே சரிவரும்.

4. விமான நிலையத்தில் தக்யூபின் ஒப்படைப்பது

சுங்கம் தாண்டி வெளியே வந்ததும் வருகை கூடத்திலேயே கவுண்டர்கள் இருக்கும். மஞ்சள் பின்னணியில் கருப்புப் பூனை ஒன்று தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் படம் தெரிந்தால் அதுதான் யமாட்டோ. வரிசையில் நிற்பதற்கு முன்பே பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள்: பாஸ்போர்ட், பணம், மருந்து, சார்ஜர், ஒரு நாள் துணி. கவுண்டர் எதிரே பெட்டியைத் திறக்கிறவர்கள்தான் அவசரத்தில் மருந்தை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் கேட்பது மூன்று விவரங்கள். ஹோட்டலின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும். முன்பதிவில் உள்ளபடியே உங்கள் பெயர். நீங்கள் தங்கத் தொடங்கும் தேதி. பெயர் ஏன் அப்படியே வேண்டுமென்றால், ஹோட்டல் ஊழியர் முன்பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பெட்டியை வாங்கி வைப்பார். முன்பதிவு நண்பர் பெயரில் இருந்து பெட்டி உங்கள் பெயரில் போனால், ‘இப்படி ஒரு விருந்தினர் இல்லை’ என்று திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. டோக்கியோவில் ஒரே பெயரில் பல கிளைகள் உள்ள ஹோட்டல்கள் சகஜம். பெயரை மட்டும் சொல்லாமல் ஜப்பானிய எழுத்தில் உள்ள முகவரியைத் திரையில் காட்டுங்கள்.

வந்துசேரும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கலாம்: முற்பகல், 14–16, 16–18, 18–20, 19–21 மணி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஹோட்டலுக்கு எந்த நேரமானாலும் பரவாயில்லை, அடுக்ககத்துக்குத்தான் இது முக்கியம். கையில் தரும் சீட்டின் நகலைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க அதில் உள்ள எண் வேண்டும்.

5. கூடவே கொண்டுபோவதென்றால் எந்த வண்டி?

டோக்கியோவுக்கு இரண்டு விமான நிலையங்கள். நரிதா, டோக்கியோ நகரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஹனேடா நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. எதில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து யோசனை மாறும்.

நரிதாவிலிருந்து வேகமானது கெய்செய் ஸ்கைலைனர் ரயில். நிப்போரிக்குச் சுமார் 40 நிமிடம், அடுத்தது உவெனோ. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் யமனோதே பாதைக்கு மாற வேண்டியவர்கள் உவெனோ வரை போகாமல் நிப்போரியிலேயே இறங்குங்கள். நிப்போரியில் நிலையத்துக்கு உள்ளேயே மாறு கேட் வழியாக ஜேஆர் பக்கம் போய்விடலாம். உவெனோவிலோ கெய்செய் நிலையமும் ஜேஆர் நிலையமும் தனித்தனி. வெளியே வந்து, சாலையில் நடந்து, மறுபடி உள்ளே போக வேண்டும்.

நரிதா எக்ஸ்பிரஸ் டோக்கியோ நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் போகும். அதே வண்டிகளில் பல ஷிபுயா, ஷின்ஜுகு வரை தொடரும். எல்லாமே முன்பதிவு இருக்கைகள். ஒவ்வொரு ரயில் பெட்டியின் முனையிலும் சாமான் தட்டும், எண் பூட்டும் உண்டு. இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் டோக்கியோ நிலையம். இந்த வண்டி நிற்பது தரைக்குக் கீழே ஐந்தாம் தளத்தில். அங்கிருந்து யமனோதே பிளாட்பாரத்துக்கு லிஃப்ட் மாறி மாறி ஏறப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஷிபுயாவுக்கோ ஷின்ஜுகுவுக்கோ போகிறவர் ‘டோக்கியோ’ என்ற பெயரைப் பார்த்து அவசரப்பட்டு இறங்காமல் அதே வண்டியில் உட்கார்ந்திருப்பது நல்லது.

ஹனேடாவிலிருந்து இரண்டு வழி. கெய்க்யூ ரயில் ஷினகவாவுக்கு, மோனோரயில் ஹமமட்சுசோவுக்கு. ஹிகாஷி கின்சா, நிஹோன்பாஷி, அசாகுசா பக்கம் தங்குகிறவர்கள் கெய்க்யூவில் அசாகுசா பாதைக்குள் நேராகப் போகும் வண்டியாகப் பார்த்து ஏறினால் மாறவே வேண்டாம். பலகையில் வண்டி போய்ச்சேரும் இடத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஒரே பிளாட்பாரத்துக்கு வெவ்வேறு திசை வண்டிகள் வரும்.

ரயிலைவிடப் பேருந்து மேலாக இருக்கும் நேரமும் உண்டு. லிமோசின் என்ற விமான நிலையப் பேருந்து பெரிய ஹோட்டல்கள் பலவற்றின் வாசலுக்கே போகிறது. ஊழியர் பெட்டியில் எண் சீட்டு மாட்டி அடிப்பகுதியில் ஏற்றுவார், இறங்கும்போது அந்த எண்ணைக் காட்டி வாங்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு பெட்டி வரை. சீட்டைத் தொலைத்துவிட்டால் மற்றவர்கள் எடுத்து முடிக்கும் வரை காத்திருக்க நேரிடும். மாலை நெரிசலில் நேரம் தள்ளிப்போகலாம், ஆனால் பெட்டியை ஒருமுறைகூடத் தூக்க வேண்டியதில்லை. இரண்டு பெரிய பெட்டிகளோடு வரும் தம்பதிக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். மலிவுப் பேருந்துகளில் எத்தனை பெட்டி, எவ்வளவு எடை என்ற விதி வண்டிக்கு வண்டி மாறும். டிக்கெட் வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

6. நிலையத்துக்குள்: முதலில் நில்லுங்கள், பிறகு நகருங்கள்

ரயிலை விட்டு இறங்கியதும் கூட்டத்தோடு நடக்காதீர்கள். கூட்டம் எஸ்கலேட்டரை நோக்கித்தான் போகும். பிளாட்பாரத்தின் ஓரத்தில் பெட்டியை நிறுத்தி, லிஃப்ட் குறியும் அம்பும் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சுரங்க ரயில் பிளாட்பாரங்களில் இன்னொரு உதவியும் உண்டு: அடுத்தடுத்த நிலையங்களில் எத்தனையாவது ரயில் பெட்டிக்கு எதிரே லிஃப்ட், எதற்கு எதிரே படிக்கட்டு என்று காட்டும் பலகை. ஏறும்போதே அதைப் பார்த்து, லிஃப்டுக்கு எதிரே நிற்கும் ரயில் பெட்டியில் ஏறினால், இறங்கிய பிறகு நீளமான பிளாட்பாரம் முழுக்க இழுக்க வேண்டியதில்லை. இந்தப் பலகையைப் பெரும்பாலான வெளியூர்க்காரர்கள் கவனிப்பதே இல்லை.

இரண்டு பேராக வந்திருந்தால் ஒருவர் பெட்டிகளோடு நிற்கட்டும், மற்றவர் போய் வழி பார்த்து வரட்டும். ஷின்ஜுகு போன்ற, 200-க்கும் மேற்பட்ட வாசல்கள் உள்ள நிலையத்தில் தவறான பக்கம் 40 கிலோவை இழுத்துவிட்டுத் திரும்புவது சின்ன விஷயம் இல்லை.

டிக்கெட் கேட்டில் சாதாரண வழி சுமார் 55 செ.மீ. அகலம். ஒவ்வொரு வரிசையிலும், அநேகமாக ஊழியர் அறையை ஒட்டி, சுமார் 90 செ.மீ. அகலமுள்ள வழி ஒன்று இருக்கும். தரையிலோ கேட்டிலோ சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, பெட்டிப் படங்கள் போட்டிருப்பார்கள். அதிலேயே போங்கள். கார்டைத் தட்டிவிட்டுப் பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பின்னால் இழுத்தால் நீங்கள் தாண்டியதும் தடுப்பு மூடிப் பெட்டியில் இடிக்கலாம். தட்டுவதற்கு முன்பே பெட்டியைத் தள்ளினாலும் மூடிக்கொள்ளும். சுய்கா அல்லது பாஸ்மோ கார்டை (முன்பணம் ஏற்றிய பயணக் கார்டு) சட்டைப்பையில் வையுங்கள். கேட்டுக்கு முன்னால் நின்று பையைத் துழாவினால் பின்னால் இருபது பேர் நிற்பார்கள்.

டோக்கியோ மெட்ரோவில் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது லிஃப்ட் வழி சில நிலையங்களில் கேட்டுக்கு வெளியே போய் உள்ளே வரும். கார்டில் காசு கூடுதலாகப் போய்விடுமோ என்று பயந்து படிக்கட்டில் தூக்காதீர்கள். மாறுவதற்கான கேட்டில் வெளியே வந்து 60 நிமிடத்துக்குள் மறு பாதையில் நுழைந்தால் ஒரே பயணமாகவே கணக்காகும்.

லிஃப்டில் சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, முதியவர்களுக்கு முதலிடம். பதினோரு பேர் என்று எழுதியிருந்தாலும் பெட்டிகளோடு நாலு பேர்தான் போக முடியும். ஒரு நடை விட்டு அடுத்ததில் போகும்படி நேரம் ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு மாறுதலுக்கும் செயலி காட்டுவதோடு பத்து நிமிடம் கூட்டிக்கொள்வது எங்கள் கணக்கு.

எஸ்கலேட்டர்தான் ஒரே வழி என்றால், ஒரு பெட்டிக்கு மட்டும். பெட்டி மேல் படியில், நீங்கள் கீழ்ப் படியில். பெட்டியின் பிடியை ஒரு கையால் இறுக்கி, மறுகையால் எஸ்கலேட்டரின் கைப்பிடியைப் பிடியுங்கள். பெட்டி நழுவினால் உங்கள் உடம்பில் வந்து நிற்கும், கீழே நிற்பவர் மேல் உருளாது. இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு எஸ்கலேட்டரில் கால் வைக்காதீர்கள்.

தரையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த கோடுகளும் புள்ளிகளும் ஓடும். பார்வையற்றவர்கள் கோலாலும் காலாலும் தடவி வழி கண்டுபிடிப்பது அவற்றை வைத்துத்தான். வரைபடம் பார்க்க நிற்கும்போது பெட்டியை அதன் மேல் நிறுத்திவிடுவது புதியவர்கள் அறியாமல் செய்யும் தவறு. ஒருவர் அதில் மோதி விழலாம்.

7. ரயிலுக்குள்

ஏறும்போது பெட்டியைப் பின்பக்கமாக இழுத்தபடி ஏறுங்கள். பெரிய பின்சக்கரங்களோடு வரும் இருசக்கரப் பெட்டி இடைவெளியைத் தாண்டிவிடும். நாலு சக்கரப் பெட்டியின் சிறு சக்கரங்கள் பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், அதனால் அதைக் கொஞ்சம் சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுப்பது நல்லது.

உள்ளே ரயில் பெட்டியின் கடைக்கோடியில் இருக்கை இல்லாத காலியிடம் உண்டு. யமனோதே பாதை வண்டிகளில் ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் இருக்கிறது. அங்கே உங்கள் பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, முழங்காலால் அணைத்துப் பிடியுங்கள். சக்கர நாற்காலி வந்தால் நகர்ந்துவிட வேண்டும். கதவு அருகே நின்றால் ஒவ்வொரு நிலையத்திலும் ஏறி இறங்குகிறவர்கள் உங்கள் பெட்டியைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நாலு சக்கரப் பெட்டியை விட்டுவிட்டுக் கைபேசி பார்த்தால், பிரேக் போடும்போது அது தன்பாட்டில் உருண்டு யார் காலிலாவது இடிக்கும். மேல்தட்டு சிறிய பைகளுக்குத்தான்.

8. காயின் லாக்கர்

அறை காலி செய்த பிறகு மாலை வரை சுற்ற வேண்டுமென்றால் முதல் தேர்வு ஹோட்டல் வரவேற்பு. அறைக்குள் நுழைய 15 மணி வரை காத்திருக்கும்போதும், காலி செய்த பிறகும், பெரும்பாலான ஹோட்டல்கள் காசு வாங்காமல் பெட்டியை வைத்துக்கொள்ளும். இதை விட்டுவிட்டு லாக்கர் தேடி நிலையத்தைச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஹோட்டல் வேறு திசையில் இருந்தால் மட்டும் லாக்கர்.

சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. உள்ளே அகலம், ஆழம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 35-க்கு 57 செ.மீ. மாறுவது உயரம். விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டிக்குப் பெரிய லாக்கர்தான் வேண்டும். எண்ணிக்கையில் குறைவாக இருப்பதும் அதுவே. டோக்கியோ, ஷின்ஜுகு, ஷிபுயா நிலையங்களில் விடுமுறை நாளில் காலை பத்து மணிக்கெல்லாம் பெரியவை நிறைந்துவிடும். அப்போது ஆள் வைத்து நடத்தும் சாமான் காப்பகத்தைக் கேளுங்கள், அல்லது எக்போ குளோக் செயலியில் பக்கத்துக் கடை ஒன்றில் இடம் முன்பதிவு செய்யுங்கள்.

சுய்காவால் பூட்டும் லாக்கரில் அந்தக் கார்டுதான் சாவி. பூட்டியவரின் கார்டு இல்லாமல் மற்றவர் வந்தால் திறக்காது. பழைய லாக்கர்கள் 100 யென் நாணயம் மட்டும் வாங்கும், ஏழெட்டு நாணயம் வைத்திருங்கள். கட்டணம் 24 மணி நேரக் கணக்கு அல்ல. நள்ளிரவையொட்டி நாள் மாறியதும் இரண்டாம் நாள் கட்டணம் விழும். பெரும்பாலும் மூன்று நாள் வரைதான். கடைசி ரயிலுக்குப் பிறகு நிலையம் பூட்டிவிட்டால் காலை வரை எடுக்க முடியாது.

பூட்டியதும் இரண்டு படம் எடுங்கள்: லாக்கர் எண், பிறகு பத்தடி பின்னால் வந்து சுற்றுப்புறமும் அருகில் உள்ள வாசல் பெயரும். பெரிய நிலையத்தில் ஒரே மாதிரி லாக்கர் வரிசைகள் பல இருக்கும். எண் மட்டும் தெரிந்தால் போதாது.

9. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு டாக்ஸி

விமான நிலையத்திலிருந்து முழுத் தூரத்துக்கும் டாக்ஸி பிடித்தால், அதிலும் நரிதா என்றால், பணம் கரைந்துவிடும். ரயிலில் அருகில் வந்து, அங்கிருந்து டாக்ஸி என்றால் கணக்கே வேறு. 2022 நவம்பரில் டோக்கியோ நகரில் கட்டணத்தை முதல் 1.096 கி.மீ.க்கு 500 யென், பிறகு 255 மீட்டருக்கு 100 யென் என்று மாற்றினார்கள். அந்தக் கணக்கில் மூன்று கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,300 யென், சிக்னலில் மெல்ல நகரும் நேரத்துக்குக் கொஞ்சம் கூடும். இரவு 22 மணி முதல் காலை 5 வரை 20 சதவீதம் அதிகம். ஓட்டுநரே டிக்கியில் ஏற்றிவிடுவார். பின்கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும், கையால் இழுக்காதீர்கள்.

உயரமான கருநீல வண்டிகளில் இரண்டு பெரிய பெட்டி பின்னால் நிற்கும். தாழ்ந்த பழைய கார்களில் டிக்கியின் உள்ளே எரிவாயு உருளை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், ஒரு பெரிய பெட்டிக்கு மேல் சிரமம். நிலையத்து டாக்ஸி வரிசையில் அப்படி ஒன்று வந்தால் பின்னால் இருப்பவரை விட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்.

10. அடுத்த ஊருக்கு ஷின்கான்செனில்

டோக்கியோவிலிருந்து கியோத்தோ, ஒசாகா போகும் டோகாய்டோ ஷின்கான்செனில் மூன்று பக்கக் கூட்டுத்தொகை 160 செ.மீ.க்கு மேல், 250 வரை உள்ள பெட்டிக்கு இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டும். முதல் படியில் சக்கரத்தோடு அளந்தது இங்கே கைகொடுக்கும். ஆனால் உள்ளபடி சொன்னால், பெரிய பெட்டியைத் தக்யூபினில் கியோத்தோ ஹோட்டலுக்கு முந்தைய நாளே அனுப்பிவிட்டு, ஒரு இரவுக்கான பையோடு ரயிலேறுவதுதான் சுகம். ஹோட்டல் வரவேற்பிலேயே சீட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள்.

11. திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே

விமான நிலையத்துக்குப் பெட்டியை அனுப்பும்போது அது விமானம் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதனால் இரண்டு நாள் முன்பு ஒப்படையுங்கள். முந்தைய நாள் மாலை வரவேற்பில் வந்து கேட்கிறவர்கள்தான் அதிகம், அப்போது காலம் கடந்திருக்கும்.

வரவேற்பில் தராவிட்டால் செவன் இலெவன், ஃபேமிலிமார்ட் கடைகளில் யமாட்டோ சீட்டு கிடைக்கும். லாசன் கடைகளில் வாங்குவது அஞ்சல் நிறுவனத்தின் யூ-பாக் சேவைக்கு, அது வேறு. அனுப்புகிறவர் காசு கட்டும் சீட்டு, பெறுகிறவர் கட்டும் சீட்டு என இரண்டு வகை இருக்கிறது, முதலாவதைக் கேளுங்கள். சீட்டில் விமான எண், புறப்படும் தேதி, நேரம், முனையம் நாலும் எழுத வேண்டும். முனைய எண் தவறினால் பெட்டி ஓரிடத்தில், நீங்கள் ஓரிடத்தில். அதே நிறுவனம் சில விமானங்களை வேறு முனையத்திலிருந்து இயக்குவதால் டிக்கெட்டில் பார்த்து எழுதுங்கள்.

அதிகாலை விமானமா? பெட்டியைத் திருப்பித் தரும் கவுண்டர் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று சீட்டு எழுதும்போதே கேளுங்கள். உங்கள் செக்-இன் நேரத்துக்குப் பிறகுதான் திறக்கும் என்றால் தக்யூபின் வேண்டாம்; முந்தைய இரவே விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலுக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு புறப்பாட்டுக் கூடத்தில் உள்ள அதே பூனைப் பட கவுண்டருக்குப் போய், சீட்டின் நகலைக் காட்டிப் பெட்டியை வாங்கி, செக்-இன் வரிசையில் நிற்கும் முன் ஒருமுறை எடை பாருங்கள்.